உறையூர் போய்விட்டு வந்தவர்கள்

தங்கை இருப்பவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும். தங்கை இல்லாதவர்களுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு இப்போது பொறுமை கிடையாது. நம் செட்டில் எல்லோருக்கும் மூட்டு தேய ஆரம்பித்துவிட்டது. மாடிப்படியைப் பார்த்தாலே பெருமூச்சு வருகிறது. நேற்று யாரிடம் என்ன பேசினோம் என்பது மறந்துவிடுகிறது. ஆனால் பத்து வயதில் எதற்கெல்லாம் வயிறு எரிந்தது என்று கேட்டுப்பாருங்கள், அத்தனையும் கோவையாக வரும். எனக்கு வருகிறது. யாரும் கேட்காமலே வருகிறது.

என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் ஒரு கால். என் கால் அல்ல, தங்கையின் இடது கால்.

எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஆறு. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முன்னால் ஒரு ஜன்னலும் ஒரு கதவும் மட்டும் உள்ள நீளமான போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா ஜங்ஷன் பக்கம் ஓர் ஆபீஸில் வேலை பார்த்தார். அம்மா உள்ளூர் ஸ்கூலில் டீச்சர். அந்த வருஷம் மாசி மாதம் ஒரு காலை வேளையில் அப்பா தங்கையை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனார். நான் பெரியவள் என்பதால் பின்னால் நடந்து வந்தேன். அவள் காலை ஆட்டிக்கொண்டே போனாள். அந்தக் கால் சக்கரக் கம்பிக்குள் போய்விட்டது. அப்பா அதை அறியாமல் இன்னும் ஒரு மிதி மிதித்தார்.

அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. அப்பாவின் முகத்தையும் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் அந்த சைக்கிளைத் தொடவே இல்லை. கொல்லையில் சாத்திவைத்தது சாத்தியபடி இருந்து, அம்மாவின் ஈரப் புடவைகள் காயும் கொடியாக மாறிவிட்டது.

உறையூரில் ஒரு எலும்பு டாக்டர் இருந்தார். அவர் தங்கையின் விரல் நுனி மட்டும் தெரியும்படி முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டுவிட்டார். அது காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக, தட்டினால் டொக்கென்று சத்தம் வரும்படி ஆனது. அவ்வளவுதான், எங்கள் வீட்டில் ராஜ்யம் மாறியது.

அக்கம்பக்கத்து மாமிகள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். கட்டின்மேல் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்தார்கள், கிளி வரைந்தார்கள். அவள் ஸ்கூல் டீச்சர்கூட வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கட்டுக்குள் அரித்தால் விசிறிக் காம்பை விட்டுச் சொறிய வேண்டும், அந்த வேலை எனக்கு. "இன்னும் கீழ, இன்னும் கீழ" என்று கண்ணைச் செருகிக்கொண்டு அவள் சொல்லும்போது காம்பை வேகமாக ஒரு குத்துக் குத்தலாமா என்று தோன்றும். குத்தவில்லை. அம்மா பக்கத்திலேயே இருந்தாள்.

அவளை எங்கேயும் அப்பாதான் தூக்கிக்கொண்டு போனார். குளிக்க, சாப்பிட, வாசலில் உட்கார. "எழுந்தருளப் பண்ணியாச்சா?" என்று அம்மா உள்ளிருந்து கேட்பாள். பெருமாளைப் பல்லக்கில் வெளியே அழைத்து வருவதற்கு எங்கள் ஊரில் சொல்லும் வார்த்தை அது. அப்பாவும் தோளில் பல்லக்குத் தண்டு இருப்பதுபோல ஆடி ஆடி நடந்து அவளைக் கொண்டுவந்து இறக்குவார். என்னை அப்பா கடைசியாக எப்போது தூக்கினார் என்று நான் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அதற்கு முன்னால் அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை.

ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் கவனிக்காத நேரம் பார்த்து சமையலறைக்குள் போனேன். மாவுக்கட்டு என்றால் மாவால் போடுவதுதானே? டப்பாவில் இருந்த மைதா மாவை எடுத்துப் பிசைந்தேன். நன்றாக ஒட்டட்டும் என்று கொஞ்சம் சர்க்கரை சேர்த்தது என் சொந்த மூளை. என் இடது காலில் முழங்கால் வரை அப்பி, அப்பாவின் பழைய வேஷ்டியைக் கிழித்துச் சுற்றி, காயட்டும் என்று படுத்தேன். தூங்கியும்விட்டேன். எறும்பு கடித்துத்தான் விழித்தேன். அலறிக்கொண்டு நான் கூடத்தில் குதித்த குதியைப் பார்த்து அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா தண்ணீரைக் கொட்டிக் கழுவியபடியே, "ஏண்டி, ரெண்டு நல்ல காலையும் வெச்சுண்டு இது என்னடி கூத்து?" என்றாள்.

சாயந்திரத்துக்குள் சந்து முழுக்க இந்தக் கதை பரவிவிட்டது. எதிர்வீட்டு மாமா கோயிலில் கைங்கர்யம் செய்பவர், வாய் சும்மா இருக்காது. என்னைப் பார்த்தபோதெல்லாம், "என்னடி குழந்தே, கால்ல இன்னிக்குப் போளியா அதிரசமா?" என்பார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தது ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் அது அவர்களுக்கு வேடிக்கைதான். சின்னப் பிள்ளையின் பொறாமையை யாரும் ஒரு வியாதியாக எடுத்துக்கொள்வதில்லை, நாமும்தான் நம் பிள்ளைகளிடம் அப்படி இருந்தோம்.

வாரத்துக்கொரு தரம் அப்பா அவளை டவுன் பஸ்ஸில் உறையூருக்கு டாக்டரிடம் காட்டக் கூட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது அவள் கையில் ஏதாவது இருக்கும். ஒரு முறை ஊதினால் நீளும் காகிதப் பீப்பி. ஒரு முறை படுக்கவைத்தால் கண் மூடும் பொம்மை. பட்டர் பிஸ்கட்டில் பாதி எனக்கு வரும், ஈரமாக. உறையூர் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குக் காதில் புகை வரத் தொடங்கியது. அது என்னவோ அப்பாவும் அவளும் மட்டும் போகிற ஊர், எனக்கு அங்கே வேலையில்லை.

இந்த நேரத்தில் பங்குனி உற்சவம் வந்தது. நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், வெளியூரில் வாழ்க்கைப்பட்டு மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த உற்சவத்தில் பெருமாள் காவேரியைத் தாண்டி உறையூருக்குப் போய், அங்கே இருக்கிற நாச்சியாரோடு ஒரு நாள் சேர்ந்து இருந்துவிட்டு வருவார். இங்கே ஸ்ரீரங்கத்தில் இருக்கும் தாயாருக்கு அது தெரிந்துவிடும். பங்குனி உத்திரத்தன்று அவர் தாயார் சன்னதிக்கு வரும்போது கதவை முகத்தில் அறைந்து சாத்துவார்கள். பூவாலும் வெண்ணெயாலும் வாழை மட்டையாலும் அடி விழும். அதற்கு மட்டையடி என்றே பெயர். கண் ஏன் சிவந்திருக்கிறது, குழல் ஏன் கலைந்திருக்கிறது என்று தாயார் பக்கத்திலிருந்து கேள்வி வரும். மோதிரம் காணாமல் போயிற்று, தேடப் போனேன், உறையூரா, எனக்கு அது எங்கே இருக்கிறதென்றே தெரியாது என்கிற ரீதியில் பெருமாள் பக்கத்திலிருந்து பதில் வரும். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் சொல்ல, கதவு திறக்கும்.

அந்த வருஷம் தங்கை மாவுக்கட்டோடு அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைச் சேவித்தாள். எனக்குப் பெரியவர்களின் முதுகுதான் தெரிந்தது. கேள்வி பதில் மட்டும் காதில் விழுந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கென்று ஒன்றே ஒன்று இருந்தது. எடமலைப்பட்டி புதூரையும் தாண்டி மதுரை ரோட்டில் அப்போது புதிதாக ஒரு பார்க் திறந்திருந்தார்கள். இன்றைக்குத் தீம் பார்க் என்கிறார்கள். நாங்கள் வெறும் பார்க் என்போம். அங்கே பெரிய ராட்டினம் ஒன்று இருந்தது. தங்கைக்குக் கால் உடைவதற்கு முன்பே அப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். "முழுப் பரீட்சை முடியட்டும். நீயும் நானும் மட்டும் அதுல ஏறுவோம். உச்சிக்குப் போனா நம்ம கோபுரம் தெரியறதா பாக்கணும்." தெரியாது என்று அம்மா சொல்வாள். தெரியும் என்று அப்பா சொல்வார். அதில் 'நீயும் நானும் மட்டும்' என்பதுதான் எனக்கு முக்கியம், கோபுரம் அப்புறம்தான். வீட்டில் நடந்த அத்தனை ஓரவஞ்சனையையும் நான் இந்த ஒன்றை நினைத்துத்தான் பொறுத்துக்கொண்டேன்.

பரீட்சை முடிந்தது. தங்கைக்குக் கட்டு பிரிக்க இன்னும் நாள் இருந்தது. "அவளை விட்டுட்டுப் போனா குழந்தை ஏங்கிப் போயிடும்" என்று அம்மா சொன்னாள். ஆக, நான்கு பேருமாகக் கிளம்பினோம்.

கேட்டில் ஒருவர் ரப்பர் ஸ்டாம்பால் எங்கள் கைகளில் ஊதா நிறத்தில் ஒரு யானையைக் குத்திவிட்டார். அப்பா இடுப்பில் இருந்தவளைப் பார்த்ததும், "அட, பாப்பாவுக்கு என்னாச்சு? இருங்க சார், நாற்காலி இருக்கு" என்று உள்ளே போய்ச் சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு சக்கரம் கிறீச் கிறீச்சென்று கத்தும். பெரிய ஆளுக்கானது. அதன் நடுவில் அவள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்கு நான் பார்த்தது வாகனப் புறப்பாடேதான். அந்தக் கிறீச்சைக் கேட்டாலே கூட்டம் விலகும். "வழி விடுங்க, புள்ளைக்குக் கால்ல அடி" என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் கட்டியம் கூறினார்கள். பலூன்காரர் ஒரு பலூனை நாற்காலியில் கட்டிவிட்டார். யாரோ ஒரு அம்மாள் தன் பிள்ளை வாயிலிருந்து பிடுங்காத குறையாக ஒரு சாக்லேட்டைக் கொடுத்தாள். கரடி வேஷம் போட்ட ஒருவர் பிள்ளைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அவள் முன்னால் மண்டியிட்டு, மாவுக்கட்டைத் தன் பஞ்சுக் கையால் தடவி, தலையை ஆட்டி அழுவதுபோல நடித்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நீட்டிய கையால் நான் தலையைச் சொறிந்துகொண்டேன்.

குட்டி ரயிலில் தனியாக ஏறினேன். குதிரை ராட்டினத்தில் தனியாக ஏறினேன். சுற்றி வரும்போதெல்லாம் அவர்கள் பக்கம் பார்த்துக் கையாட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் அவர்கள் அவளைச் சுற்றி நின்று வேறு எதற்காகவோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் தாழ்ந்ததும் பெரிய ராட்டினத்துக்கு வந்தோம். அருகே போனால் அது ரொம்பப் பெரிதாக இருந்தது. கிரீஸ் வாசனை வந்தது. மேலே போன தொட்டிகளிலிருந்து பெண்கள் கத்தும் சத்தம் வந்தது. வரிசையில் நின்று, என் முறை வந்ததும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலியின் கைப்பிடியை விடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"பெரியவங்க யாராச்சும் கூட ஏறணும்மா. தனியா ஏத்த மாட்டோம்" என்றார் ராட்டினக்காரர்.

"அப்பா, வா" என்றேன்.

"குழந்தையைத் தனியா விட்டுட்டு எப்படிடி வரது?"

"நான் பாத்துக்கறேன், நீங்க போங்கோ" என்றாள் அம்மா.

"உன்னால முடியாது. தரை சரிவா இருக்கு. நாற்காலி உருண்டுடும்."

"நான் பிடிச்சுக்க மாட்டேனா? அவளுக்குச் சொல்லியிருக்கேளோன்னோ?"

அப்பா மேலே ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உனக்கென்னடி, காலு கையெல்லாம் நன்னா இருக்கு. இன்னொரு நாள் வந்தாப் போச்சு. அவளைப் பாரு, பாவம், ஒண்ணுத்துலயும் ஏறலை."

அம்மாவுக்கு ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். அவளைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். வரிசையை விட்டு வெளியே வந்தேன். அப்போது நான் அழவில்லை. என் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்தேன். அவற்றின்மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. நாற்காலியில் இருந்தவள், "அக்கா, பலூனை நீ வெச்சுக்கோ" என்றாள். வாங்கி, கையை விட்டேன். அது ராட்டினத்துக்கும் மேலே போயிற்று. அதற்கும் அவள் கைதட்டினாள்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் கட்டு பிரிப்பதற்காக அப்பாவும் அவளும் காலையில் உறையூருக்குப் போனார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவளுக்கு நடக்க வந்துவிடும் என்று அம்மா திருக்கண்ணமுது பண்ணி வைத்திருந்தாள். பாயசத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மத்தியானம் வரவில்லை. பாயசம் ஆறி ஏடு படிந்தது. எலும்பு கூடவில்லையோ, மறுபடி உடைத்துக் கட்டுகிறார்களோ என்று அம்மா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். வீட்டில் போன் கிடையாது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ரங்கா, அவளுக்குக் கால் சரியாக இருக்கட்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன். அதை நினைத்தால்தான் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஜன்னல் வழியே பார்த்தேன். சந்து முனையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்து வந்தாள். கட்டு இருந்த கால் வெளுத்து, குச்சியாகி, கொஞ்சம் இழுத்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு பளபளப்பு. தலை கலைந்து காற்றில் பறந்த மாதிரி இருந்தது. அப்பாவின் வெள்ளைச் சட்டையில் தோள்பட்டைப் பக்கம் ரோஸ் நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு கறை. அவள் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டுக் கையாட்டினாள். அந்தக் கையில் ஊதா நிறத்தில் யானை இருந்தது.

ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

அம்மா ஜன்னலண்டை வந்து பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. அந்த வருஷத்தில் அம்மா என் பக்கம் நின்றது ராட்டினத்தடியில் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை, அவ்வளவுதான். "திறக்காதே. கொஞ்சம் வெளியிலேயே நிக்கட்டும்" என்றாள்.

அப்பா கதவைத் தட்டினார். "என்னடி இது, திற."

"எங்க போயிட்டு வரேள்?" என்றேன். எப்போதும் அப்பாவை நீ என்று கூப்பிடுகிறவள் நான். வாயில் அப்படித்தான் வந்தது.

"எங்கன்னா? உறையூருக்குத்தான். டாக்டர் வர நாழியாயிடுத்து."

எதிர்வீட்டில் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாமாவின் காதில் இது விழுந்துவிட்டது. சாத்திய கதவு, வெளியே நிற்கிற ஆண்பிள்ளை, உறையூர் என்கிற வார்த்தை. இதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்? கட்டிய வேஷ்டி அவிழும்படி சிரித்தார். "என்ன ஸ்வாமி! பெருமாளே அந்த ஊர் எங்க இருக்குன்னு தெரியாதுங்கறார். நீர் என்னடான்னா தட்டின உடனே உறையூர்னு ஒத்துண்டுட்டீரே!"

நாலு வாசலில் மாமிகள் வந்து நின்றார்கள். அப்பாவும் சிரித்துவிட்டார்.

"அவ கையில என்ன முத்திரை?" என்றேன் உள்ளேயிருந்து.

"அதுவா... டாக்டர் குத்தினது. கால் சரியாப் போச்சுன்னு அடையாளம்."

"உங்க சட்டையில என்ன ரோஸ் கலரு?"

"மருந்துடி."

"தலை ஏன் கலைஞ்சிருக்கு?"

"பாலத்துல காத்து" என்றார் அப்பா. தங்கை, "மருந்து இல்லை, பஞ்சு மிட்டாய்" என்றாள். சந்தே சிரித்தது. பக்கத்து வீட்டு மாமி ஜன்னல் கம்பி வழியாக ஒரு வாழை மட்டையை நீட்டி, "இந்தா தாயாரே, நன்னா நாலு சாத்து" என்றாள்.

மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எனக்கு விளையாட்டு இல்லை அது. ஆனால் அந்த ஊரில் நான் செய்ததற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது, முறை இருந்தது, யார் எப்போது சிரிக்க வேண்டும் என்பதுகூட எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என்னுடைய கோபம் அதற்குள் போய் விழுந்து ஆளுக்கொரு வாய் பிரசாதம் மாதிரி ஆகிவிட்டது. மைதா மாவுக்குச் சிரித்த மாதிரியே இதற்கும் சிரித்தார்கள்.

"ஆழ்வார் வந்திருக்கேன்மா. பெருமாள் தெரியாம பண்ணிட்டார். கதவைத் திறக்கணும்" என்று மாமா கைகூப்பிக்கொண்டு கதவருகில் வந்து நின்றார். நான் என்ன செய்ய முடியும்? அந்த உற்சவத்தில் கதவு திறந்தே ஆக வேண்டும். திறக்காத தாயார் கிடையாது. திறந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்பா உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு நின்றது.

"ராட்டினத்துல ஏறினியா?" என்று கேட்டேன்.

"இல்லடி. சும்மா சின்னச் சின்னதா..."

"ஏறினோமே!" என்றாள் தங்கை. "பெரிசுல! உச்சிக்குப் போய் நின்னுது. கோபுரம் தெரிஞ்சுதுடி அக்கா. அப்பா கண்ணை மூடிண்டே இருந்தார். பயம். என் கையை இறுக்கிப் பிடிச்சுண்டார் பாரு, வலிச்சுது."

அப்பாவுக்கு உயரம் என்றால் பயம் என்று எங்களில் யாருக்கும் அதுவரை தெரியாது. ஆக, தரை சரிவு, நாற்காலி உருளும் என்றதெல்லாம் பொய். பயந்துதான் எனக்குக் கொடுத்த வாக்கிலிருந்து நழுவியிருக்கிறார். சரி, மனுஷனுக்குப் பயம் இருக்கலாம். எனக்காக ஏற முடியாத அந்த உயரத்தில் அவளுக்காக எப்படி ஏற முடிந்தது என்பதுதான் என் கேள்வி. எனக்கு அது ஆறவே இல்லை.

"அடுத்த வாரம் உன்னைக் கூட்டிண்டு போறேன்" என்றார் அப்பா.

அடுத்த வாரம் அடுத்த லீவு ஆனது. அதற்குள் அந்தப் பார்க்கையே மூடிவிட்டார்கள். அப்பா அதைப் பற்றி மறுபடி பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது யோசித்தால் ஓரளவு புரிகிறது. அந்தக் கால் அவருடைய மிதியில் உடைந்தது. அது மறுபடி தரையில் ஊன்றிய அன்றைக்கு அவள் வானத்தைக் கேட்டிருந்தாலும் ஏறியிருப்பார். என்னிடம் அவருக்குக் கடன் எதுவும் இல்லை, நான் நன்றாக நடந்துகொண்டிருந்தேன். புரிகிறது. புரிந்தால் எரிச்சல் அடங்கிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு நிச்சயம் தங்கை இருந்திருக்க மாட்டாள்.

அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. திவசத்துக்கு இந்த முறை தங்கை பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய காரிலேயே இருவரும் மதுரை ரோடு பக்கம் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போனோம். அவள்தான் ஓட்டினாள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எடமலைப்பட்டி புதூர் தாண்டியது. பார்க் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள்.

"இங்கதானே ஒரு பார்க் இருந்துது?" என்றாள். "எனக்கு அந்தக் கத்தற நாற்காலி ஞாபகமிருக்கு. கரடி ஞாபகமிருக்கு. பெரிய ராட்டினம் ஒண்ணு இருந்துதோன்னோ?"

"இருந்துது."

"அப்பா அதுல ஏறினார்னு அம்மா சொல்லிக் கேட்டிருக்கேன். நம்பவே முடியலை. அப்பா மொட்டை மாடி விளிம்புக்குக்கூட வரமாட்டாரே." பிறகு தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டாள். "எனக்குக் கால்ல கட்டு. நான் ஏறியிருக்க முடியாது. உன்னோடதான் ஏறியிருப்பார், இல்லையா?"

நான் அவளைப் பார்த்தேன். நிஜமாகத்தான் கேட்டாள். அவளிடம் அது இல்லவே இல்லை. இத்தனை வருஷமாக நான் நினைத்து நினைத்துக் காய்ந்துபோன அந்த ஒன்றை, கிடைத்தவள் எங்கேயோ போட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுக்குக் கிடைத்தது போதாதென்று மறக்கவும் கிடைத்திருக்கிறதே என்று புதிதாக ஒரு பொறாமை வந்தது. அப்பா இல்லை. அம்மாவுக்கு இப்போது எங்கள் பெயரே சில நாள் மாறிப்போகிறது. எதிர்வீட்டு மாமாவும் இல்லை. இல்லை என்று சொல்ல உலகத்தில் யாரும் மிச்சமில்லை.

"ஆமாம். நான்தான் ஏறினேன்" என்றேன்.

"எப்படி இருந்தது?"

சொன்னேன். தயங்காமல் சொன்னேன். உச்சிக்குப் போய்த் தொட்டி நின்றதை, அது லேசாக ஆடியதை, தூரத்தில் மலைக்கோட்டையும் அதற்கப்பால் விரலளவுக்கு நம் கோபுரமும் தெரிந்ததைச் சொன்னேன். "அப்பா கண்ணை மூடிண்டே இருந்தார்டி. பயம். என் கையை இறுக்கிப் பிடிச்சுண்டார். வலிச்சுது" என்றேன்.

அவள் சிக்னலில் வண்டியை நிறுத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கொடுத்து வெச்சவடி" என்றாள். "என்னைத் தூக்கிண்டு அலைஞ்சார், ஒத்துக்கறேன். ஆனா எனக்காக அப்பா இப்படி ஒண்ணு பண்ணினதே இல்லை. உன்மேல எப்பவும் அவருக்கு ஒரு இது."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். பத்து வயதிலிருந்து எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிற குரல் அது. மற்றவர் வாயிலிருந்து வரும்போது எவ்வளவு இதமாக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். அவள் வண்டியை எடுக்காமல், "இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

ராட்டினக்காரர் எங்களை ஏற்றிக் கம்பியைப் பூட்டியதிலிருந்து ஆரம்பித்தேன்.